கழிவு

செம்பனை ஆலை வாசலில்
லாரி நிறுப்பது என் வேலை.
உள்ளே வரும்போது ஒரு தடவை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஒரு தடவை,
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பழம்.
ஈரத்துக்கு, நீளக் காம்புக்கு, ஒட்டிய மண்ணுக்கு
இத்தனை விழுக்காடு கழிவு என்று
சீட்டில் குத்தித் தருவேன்.
பதினொரு வருஷம்.
லாபிஸ் சாலை முனையில் வண்டி திரும்பும்போதே
டயர் அமுங்கும் விதம் பார்த்து
டன் சொல்லிவிடுவேன்.

வீட்டில் ஒரு கோழி
ஒரு மாதமாய்க் காற்றாகிக்கொண்டிருந்தது.
தெரியவில்லை.

இறகு ஏமாற்றும்.
அடியில் கைவிட்டுத் தூக்கியபோதுதான்
நெஞ்செலும்பு
கத்தியின் முதுகு மாதிரி உள்ளங்கையில் உட்கார்ந்தது.
கொண்டை
தேர்தல் முடிந்தும் அவிழ்க்காத கொடியின் சிவப்பு.
வெள்ளைக்காரி, துரைசானி என்று பேர் வைத்திருந்தேன்,
தீனிக்கு மட்டும் இன்னும் முதல் ஆள்.
தின்றதெல்லாம் எங்கே போகிறது?

விடிகாலை எச்சத்தில் இருந்தது:
ஊறிய மீகூன் இழை ஒன்று,
விரல் நீளம்.
அசைந்தது.

பக்கத்து வீட்டு சிந்தாமணி
"கண்ணு பட்டிருக்கு, உப்பு சுத்திப் போடு" என்றாள்.
எதிர்வீட்டு பாக் ஜமால்
பப்பாளி விதையை அரைக்கச் சொன்னார்.
தீவனக் கடை ஆ கியோங் மட்டும்
மருந்து டப்பாவில் கை வைத்தபடி
"ஒரு கோழி எத்தன கிலோ?" என்றான்.

எனக்கா தெரியாது.
எனக்குத் தெரியவில்லை.

ஆலைத் தராசில் அறுபது டன் ஏறலாம்,
கோழிக்கு அது பூஜ்யம்தான் காட்டும்.
மீன்காரர் ஹனாபியிடம் தொங்கு தராசு கடன் வாங்கி
அரிசிப் பையில் தலை மட்டும் வெளியே விட்டு
ஒவ்வொன்றாய்க் கொக்கியில் மாட்டினேன்.
ஒன்றே முக்கால். ஒன்றரை. ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல்.
துரைசானி, பை எடை போக,
எழுநூற்றெண்பது கிராம்.
பழைய சீட்டின் முதுகில் கூட்டி எழுதினேன்.

இரவே தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டேன்.
காலையில் தாகத்துக்கு முன்னால் மருந்துத் தண்ணீர்.
முதல் வாய்க்குத் தலையை உதறின,
என்னைப் பார்த்தன,
வேறு வழியில்லாமல் குடித்தன.
துரைசானிக்கு ஊசிக்குழாயில்,
அலகோரமாய், சொட்டு சொட்டாய்.

மறுநாள் பலகையில் கிடந்தவற்றை
எண்ண ஆரம்பித்து நாற்பதில் நிறுத்தினேன்.
வழித்துக் கொளுத்தி சுண்ணாம்பு தூவினேன்.
கைகழுவியும் அன்றைக்கு நூடல்ஸ் இறங்கவில்லை.

பொட்டலத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி:
பதினான்கு நாள் முட்டை தின்னக் கூடாது.
நாளைக்கு ஐந்து. எழுபது முட்டை.
ஒன்று எழுபது காசு என்றால்
நாற்பத்தொன்பது வெள்ளி.
"யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் நல்லதம்பி,
செருப்பு மாட்டிக்கொண்டே.

அந்தக் குரலை எங்கே கேட்டேன்?

வியாழக்கிழமை ஆபீஸ் ஜன்னலில்.
சிறுதோட்டக்காரர்களுக்கு
இன்னும் ரெண்டு விழுக்காடு சேர்த்துப் போடு,
யாருக்குத் தெரியப்போவுது.
போட்டேன்.
ரெண்டு ஏக்கர் வைத்திருக்கும் மாசிலாமணிக்கு,
கழுவி அடுக்கிய பழத்துக்கு,
மண் என்று போட்டேன்.
அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது,
அதை நான் பார்த்திருந்தேன்.

முட்டைகளைத் தினமும்
வாழைமரத்துக்குப் பின்னால் குழியில் உடைத்தேன்.
மஞ்சள் கரு நல்ல மஞ்சளாகத்தான் இருந்தது.
டீச்சரிடம் கோழி முட்டையிடவில்லை என்று
சொல்லப் போய்
மருந்து கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.
பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்றார்.

இந்த வியாழன் மாசிலாமணி வண்டிக்கு
மண் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.
மேலதிகாரி இன்னும் பார்க்கவில்லை.
பார்ப்பார்.

பதினான்காம் நாள் இரண்டாம் வேளை மருந்து,
முதல் தடவை தப்பியவற்றுக்கு.
முட்டைக் கணக்கும் முதலிலிருந்து.
திரும்பவும் பை, கொக்கி, தராசு.
முள் தொள்ளாயிரத்தைத் தொட்டது, தாண்டியது, திரும்பியது.
சும்மா இருடி என்றேன்.
இருக்கவில்லை.